சுண்டல் வைத்த புள்ளிகள்

முயல் புழுக்கையைத் தாண்ட முடியாமல் ஒரு லைன் வீடே காலைத் தூக்கிக்கொண்டு நின்ற கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் லைனில் யாரும் அதைக் கதையாகவே நினைக்கவில்லை. தண்ணி வராத நாள் மாதிரி, கரண்டு போன மத்தியானம் மாதிரி அதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டு அவரவர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். முயல் என்னுடையது என்பதால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் எங்கள் லைனில் பேர் வைக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் மங்கலம் ரோட்டை விட்டு உள்ளே வந்தால், ஒரே தகரக் கூரையின் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல், யார் வீட்டில் கடுகு தாளித்தாலும் எல்லார் மூக்கிலும் தும்மல். அங்கே குடிவருகிற எந்தப் பொம்பளையின் சொந்தப் பேரும் கேட்டைத் தாண்டி உள்ளே வராது. நான் தர்ஷிகா அம்மா. இரண்டாம் வீட்டில் இருப்பவர் சஞ்சீவ் அம்மா. சஞ்சீவ் காலேஜ் படிக்கக் கோயமுத்தூர் போய்விட்டாலும் அவர் சஞ்சீவ் அம்மாதான். பிள்ளை இல்லாதவளுக்குக் கதவு நம்பர்தான் பேர். "ஆறாம் நம்பரு, உங்க குடம் ரொம்பி வழியுது பாருங்க" என்று கூப்பிடுவோம், அவளும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஓடி வருவாள்.

அந்த ஆறாம் நம்பருக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் எங்களுக்கே நம்பரைச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. "என்ன பேருங்க வெக்கப் போறீங்க, சீக்கிரம் சொல்லீட்டா நாங்களும் கூப்பிட்டுப் பழகிக்குவோம்" என்று சஞ்சீவ் அம்மா கேட்பார். அவள் சிரித்துக்கொண்டு சொல்லாமலே போய்விடுவாள். அவள் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் அண்ணனுக்குத் துணிக்குச் சாயம் ஏற்றுகிற டையிங்கில் வேலை; பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்காமல், ஆசை தாங்காமல், மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலையில் தூளி கட்டி உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். குழந்தை உள்ளேயே அடங்கிப் போயிருந்ததாம். அவள் மறுபடி குழாயடிக்கு வந்த நாளில் யாரோ, "ஆறாம் நம்பரு, உங்க முறைங்க" என்றார்கள். அவ்வளவுதான், நம்பர் பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது. தூளி மட்டும் அப்படியே தொங்கியது. அவள் அதன் பக்கம் போகவும் மாட்டாள், அதைத் தொடவும் விடமாட்டாள்.

இந்தப் பக்கம் என் வீட்டில் சுண்டல். என் மகள் தர்ஷிகா அழுது அடம்பிடித்துச் சந்தையில் வாங்கிய சாம்பல் நிற முயல். அது போடுகிற புழுக்கை கருப்புக் கொண்டைக்கடலை மாதிரி இருக்கிறது என்று அந்தப் பேர். சும்மா சொல்லக் கூடாது, குட்டியாக இருந்தவரை அதுபோல் சுத்தமான ஜீவனை நான் பார்த்ததில்லை. அதுவே ஒரு மூலையைப் பிடித்தது. அந்த மூலையில் பழைய பிளாஸ்டிக் டப்பை வைத்து, காகிதம் விரித்து, மேலே காய்ந்த புல்லைப் போட்டேன். புல்லை மென்றுகொண்டே உட்கார்ந்து எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடித்துவிடும். "என் வீட்டுக்காரருக்கு இந்த ஒழுக்கம் இருந்திருந்தா நான் ராணியாட்ட இருந்திருப்பேன்" என்று சஞ்சீவ் அம்மா வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஐந்தாறு மாதம் போனதும் எல்லாம் மாறிவிட்டது. டப்பைச் சுற்றிப் புழுக்கை, கட்டிலுக்கு அடியில் புழுக்கை, தர்ஷிகாவின் ஸ்கூல் ஷூவுக்குள் புழுக்கை. மிக்சியில் தாடையைத் தேய்க்கும், சிலிண்டரில் தாடையைத் தேய்க்கும், இது என்னுது, இதுவும் என்னுது என்று தேய்த்துக்கொண்டே போகும். சமைக்கும்போது என் காலைச் சுற்றிச் சுற்றி உறுமிக்கொண்டு ஓடும். கையை டப்புக்குள் விட்டால் பாய்ந்து பிறாண்டும். ஒருநாள் திரும்பி நின்று என் வீட்டுக்காரரின் கம்பெனிச் சட்டை மேல் மூத்திரத்தைப் பீய்ச்சியே விட்டது.

"என்னடி இது, பேயி பிடிச்சிருச்சா?" என்றார் அவர்.

"பேயுமில்ல ஒண்ணுமில்ல, பருவத்துக்கு வந்திருக்குது" என்றேன். தாராபுரத்துக்கு அக்கட்ட ஒரு ஊரில், மாட்டோடும் ஆட்டோடும் வளர்ந்தவள் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்காததை எல்லாம் தொழுவத்தில் படித்திருக்கிறேன். மாடு கத்திச் சொல்லும், முயலுக்குக் கத்த வாயில்லை, அதனால் இறைத்துச் சொல்கிறது. அதைப் போய் அடிப்பதா?

அப்புறம் ஒருநாள் சுண்டல் வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் பெரிய மீசை வைத்த ஆள் மாதிரி, வீடெல்லாம் நடக்க ஆரம்பித்தது. சஞ்சீவ் அம்மா பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார். "அட சாமி, இது கூடு கட்டுதுங்க! சினையா இருக்குது! ஏம் புள்ள தர்ஷிகா அம்மா, மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?"

"இந்தக் கேட்டத் தாண்டி ஒரு ஆண் முயலும் வரலீங்க அக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அந்தச் சிரிப்பு அதோடு நின்றிருக்கலாம். சினை என்று ஆனபின் வளைகாப்பு மாதிரி கட்டுச்சோறு போடாமல் விடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை சஞ்சீவ் அம்மா வாசலில் பாயை விரித்துவிட்டார். ஆளுக்கொரு பாத்திரத்தில் புளிச்சோறு, தயிர்ச்சோறு, சுண்டலுக்குத் தனியாகக் கொத்தமல்லித் தழை; தர்ஷிகா அதன் முன்னங்காலில் சிவப்பு ரப்பர் வளையல் போட்டாள்; குலவை போடத் தெரிந்தவர்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் ஆறாம் நம்பர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நடந்த கட்டுச்சோறும் இதே வாசலில்தான், இதே பாயில்தான். அவளை நாங்கள் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மனசு நோகுமே என்று. கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. குலவை பாதியில் நின்றது. சுண்டல் மட்டும் தழையை விட்டது, வளையலைக் கடித்துத் துப்பியது, பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியில் ஒரு வாய் கவ்விக்கொண்டது. எங்கள் கால்களுக்கு நடுவே நேராக நடந்துபோய் அவள் காலைத் தாண்டி, ஆறாம் நம்பர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

நாங்கள் பின்னாலேயே போனபோது சுண்டல் தூளிக்கு நேர் கீழே இருந்தது. தூளியைச் சுற்றி ஒரு வட்டமாக, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டு, புழுக்கை வைத்து முடித்திருந்தது. நடுவில் உட்கார்ந்து தன் நெஞ்சு முடியைத் தானே வாயால் பிடுங்கிப் பிடுங்கி, பனியன் வேஸ்ட் மேல் மெத்தை போட்டுக்கொண்டிருந்தது.

"வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்று நான் காலை எடுத்து முன்னால் வைத்தேன். பார்த்தால் பின்னால் வைத்திருந்தேன்.

மறுபடி வைத்தேன். மறுபடியும் பின்னால்தான். வலி இல்லை, பயம் இல்லை, யாரும் தள்ளவும் இல்லை. கால் தூக்கும்போது என்னுடையதாக இருக்கிறது, ஊன்றும்போது புள்ளிக்கு வெளியே இருக்கிறது. சஞ்சீவ் அம்மா என்னை விலக்கிவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வேகமாக வந்தார், அதே வேகத்தில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். "இதென்னுங்க இது, எஸ்கலேட்டராட்ட?" என்றார். விளக்குமாற்றை நீட்டினால் விளக்குமாறு நம் முழங்காலைக் கூட்டியது. கீரையைத் தள்ளினால் உள்ளே போனது, தண்ணிக் கிண்ணம் போனது, பேச்சுப் போனது. ஆள் மட்டும் போகவில்லை.

அப்புறம் என்ன, பழகிக்கொண்டோம். மோகனசுந்தரம் அண்ணன் பாயை வட்டத்துக்கு வெளியே, அடுப்பு மேடைக்கு ஓரமாக விரித்துக்கொண்டார். பிள்ளைகள் சாயங்காலம் வந்து, யார் கால் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று பந்தயம் கட்டினார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒருதரம் முயன்று பார்த்துவிட்டு, "எங்க ஏரியால இன்னொரு வீட்டுல நாய் இருக்குதுங்க, அதுக்கு இது தேவலை" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஹவுஸ் ஓனர் குப்புராஜ் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முன்னால் நடந்து பின்னால் போய்ச் சேர்ந்து, "என்ற வீட்டுக்குள்ள என்னையவே விடமாட்டீங்குதே" என்று சொல்லிக்கொண்டு நின்றார். "கொஞ்ச நாளைக்கு அதும் இருந்துட்டுப் போகட்டுங்க" என்று அவரே கடைசியில் சமாதானமும் சொல்லிக்கொண்டார். சஞ்சீவ் அம்மா என் வீட்டுக் கட்டிலடியில் கிடந்த புழுக்கையை முறத்தில் அள்ளிப்போய், அடிக்கடி சாப்பிட வருகிற கொழுந்தனார் நுழையாதபடி தன் வாசலில் வரிசை கட்டி வைத்தார். கொழுந்தனார் அதை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். என் வீட்டுப் புழுக்கை வெறும் புழுக்கை. ஆறாம் நம்பர் வீட்டில், அந்தத் தூளிக்கு அடியில் இருந்ததுதான் வட்டம்.

அந்த வாரமே வெள்ளகோவிலில் இருந்து மோகனசுந்தரம் அண்ணனின் அம்மா பஸ் ஏறி வந்தார். கெட்டவர் இல்லை, மருமகளுக்கு என்று ராகி மாவும் நாட்டுக்கோழி முட்டையும் தூக்கிக்கொண்டு வந்தவர். ஆனால் வந்த காரியம் தூளியை அவிழ்ப்பது. "வெறும் தூளி ஆடிக்கிட்டிருந்தா அடுத்தது எப்படிம்மா தங்கும்? அவுத்து மடிச்சு வெச்சிரலாம் கண்ணு, எல்லாம் மறந்து போயிரும்" என்று கொக்கியைப் பார்த்துக்கொண்டே எட்டு வைத்தார், வாசலில் என் மேல் வந்து மோதினார். மூன்றாவது தரம் மோதியபின் அங்கேயே உட்கார்ந்து முட்டையை எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக அடுக்கினார். மருமகளின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். ரொம்ப நாளாகத் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்த கதவை இன்னொருத்தர் வந்து சேர்ந்து பிடித்தால் தோள் எப்படி இறங்குமோ அப்படி.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுண்டல் சாப்பாட்டை நிறுத்தும் வரைக்கும். காலையில் போட்ட தழை சாயங்காலமும் அப்படியே கிடந்தது. நெஞ்சில் முடி இல்லாமல் ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது. கூட்டை மூடும், விலகி உட்காரும், ஓடி வந்து திறந்து பார்க்கும், மறுபடி மூடும். அதற்குள்ளே ஒன்றும் இல்லை. நான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆணே இல்லாம இப்படிக் கூடு கட்டுதுன்னா பொய்ச்சினைம்மா. உடம்பு சினைன்னு நம்பிக்கும், பால்கூடக் கட்டும். நாளானா தானா அடங்கும், ஆனா திரும்பத் திரும்ப வரும். வயசானா கர்ப்பப்பைல கட்டி வர்றதும் நிறைய. கர்ப்பப்பைய எடுத்துட்டா இந்தச் சங்கடமும் போயிரும், கண்ட இடத்துல போடற பழக்கமும் அடங்கும். அதெல்லாம் அப்புறம். முயல் ஒரு நாள் சாப்பிடலீன்னாலே குடல் நின்னு போயிரும், உயிருக்கு ஆபத்து. உடனே தூக்கிட்டு வாங்க."

"தூக்க முடியாதுங்க டாக்டர், அது புள்ளி வெச்சிருக்குதுங்க."

"யாரை உள்ள விடும்?"

அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

லைனுக்குத் திரும்பி ஆறாம் நம்பர் வாசலில் எல்லாரையும் கூட்டினேன். பிள்ளைகளை விட்டுப் பார்த்தோம், பால்காரரை விட்டுப் பார்த்தோம், மோகனசுந்தரம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார். தர்ஷிகா வட்டத்துக்கு வெளியே குப்புறப் படுத்து, "சுண்டல், ஒரே ஒரு எலை சாப்பிடு, ஒரே ஒரு எலை" என்று அழுதாள். சுண்டல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முடியில்லாத நெஞ்சைக் கூட்டின் மேல் வைத்துப் படுத்திருந்தது. இனி என்ன செய்வது என்று எல்லாரும் சுவரைப் பார்த்தபோது, அரிசி களைந்துகொண்டிருந்த ஆறாம் நம்பர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ வேண்டாம் கோகிலா" என்றார் அண்ணன். அன்றைக்குத்தான் அவள் பேரை நான் காதால் கேட்டேன்.

"அழுகுதுங்கோ அந்தப் புள்ள" என்றாள் கோகிலா. காலை எடுத்தாள், முன்னால் வைத்தாள். கால் முன்னாலேயே இருந்தது.

அவள் புள்ளிகளைத் தாண்டி, தூளிக்குக் கீழே, ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதலாகப் போகாத அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். சுண்டல் உறுமவில்லை, பாயவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அவள் கூட்டின் முடியை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"உள்ள கதகதன்னு இருக்குதுங்க" என்றாள் என்னிடம். "டாக்டர் என்னன்னு சொன்னாங்க?"

"பொய்ச்சினைன்னாங்க."

"பொய்யா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கிறவள் மாதிரி சொன்னாள். "முடி பிடுங்குனது நெசம். கூடு நெசம். பால் கட்டுறது நெசம். எனக்கும் கட்டுச்சு, மல்லியப்பூவ வெச்சுக் கட்டி வத்த வெச்சாங்க. வலி நெசங்க. புள்ள மட்டும்தான் இல்ல. அதுக்குப் போயி பொய்யின்னு பேர் வெக்கலாங்களா? அது யார்கிட்டப் பொய் சொல்லுச்சு?"

மாமியார் வாசலில் இருந்தபடியே மூக்கைச் சிந்தினார். "எனக்கு ரெண்டாவது அப்படித்தான் போச்சு. பூ வெச்சுத்தான் கட்டுனாங்க. நானும் யார்கிட்டயும் சொல்லல கண்ணு" என்றார். கோகிலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கொக்கியைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கோகிலா எழுந்து, தானே கையை உயர்த்தி, தூளியின் முடிச்சை அவிழ்த்தாள். ஆசையில் போட்ட முடிச்சு, இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இளக்கினாள். மஞ்சள் கரைப் பச்சைச் சேலையை இரண்டாக மடித்து, கூட்டில் இருந்து ஒரு கை முடியையும் சேர்த்து, சுண்டலை அதில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கடைசிப் புள்ளியைத் தாண்டியதும் விளக்குமாறு விளக்குமாறாகிவிட்டது. சஞ்சீவ் அம்மா, அவசரத்திலும் வேலையை விடாதவர், ஒரே வீச்சில் எல்லாவற்றையும் முறத்தில் கூட்டிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீனியை வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ராத்திரி போய் விடிந்தபோது டப்பில் சின்னதாக ஒன்றிரண்டு புழுக்கை விழுந்திருந்தது. என் வாழ்க்கையில் புழுக்கையைப் பார்த்துச் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். உடம்பு தேறி, நெஞ்சில் முடி முளைத்தபின் கர்ப்பப்பையை எடுக்கலாம் என்றார். கோகிலாவிடம் கேட்காமல் எனக்குத் தேதி சொல்ல மனசு வரவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்திரலாங்க. இல்லாததுக்குக் காத்துக்கிட்டு இன்னொருக்கா முடி பிடுங்க வேண்டாம் அது. அது பட்டது போதும்" என்றாள். பிறகு, "எனக்கு அப்படி இல்லீங்க. நான் இன்னொருக்காவும் தூளி கட்டுவேன்" என்று சொல்லி முகம் சிவந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து, கண்ணைத் திறந்து, நீட்டிய கொத்தமல்லியை முகர்ந்து ஒரு இலையை மென்றதும்தான் அனுப்பினார்கள். "உடனே திருந்தாதும்மா, உடம்புல இருக்கற சுரப்பு வடிய ஒரு மாசம் ஆகும். டப்பை அதே மூலையில வெச்சு, புல்லுப் போட்டு வைங்க, அதுவே வந்துரும்" என்றார் டாக்டரம்மா.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் கோகிலா, பக்கத்தில் நான். அவள் மடியில் அந்தப் பச்சைச் சேலை மூட்டை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்சீட்டில் இருந்த ஒரு அக்கா குனிந்து பார்த்து, "பச்சை மண்ணாட்ட இருக்குது, முகத்தையே மூடி வெச்சிருக்கறீங்க. பையனா புள்ளையாங்க?" என்று கேட்டார்.

"புள்ளைங்க" என்றாள் கோகிலா. "முயல் புள்ள." சேலையை விலக்கி ஒரு காதைக் காட்டினாள். பஸ்ஸில் அந்தப் பக்கமே சிரித்தது, அவளும் சிரித்தாள். காதைத் திரும்ப மூடிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் என் பக்கம் திரும்பினாள்.

"தர்ஷிகா அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க ஆறாம்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதாங்க" என்றாள் அவள். மடியில் இருந்த சேலையை ஒருதரம் தடவினாள். "என்ற புள்ளைக்குத் தென்றல்னு பேர் பாத்து வெச்சிருந்தேங்க. அவர்கிட்டக்கூட இன்னும் சொல்லல. நாளைக்குக் காலைல தண்ணி வந்ததும் எல்லாரும் குழாயடிக்கு வருவாங்கல்ல? அப்ப எல்லாருக்கும் கேக்கறாப்பல சத்தமா, தென்றல் அம்மா உங்க குடம் ரொம்பிருச்சுன்னு என்னை ஒருக்கா கூப்பிடறீங்களா?"